அறிவொளி அக்காவுக்குச் சிலை வைக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டம், கீரனூர் பக்கம். ஊரே 'அறிவொளி அக்கா' என்று கூப்பிட்ட ஒரு பெரியம்மா போன மாதம் தவறிவிட்டார். எண்பதைத் தாண்டிய வயது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த அறிவொளி இயக்கம் வந்தபோது இரவு வகுப்பு நடத்தியவர். அதன்பிறகும் சும்மா இருக்கவில்லை, முதியோர் பென்ஷனுக்கு மனு எழுதுவது, பிரசவத்துக்குத் துணைக்குப் போவது, பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுபோய் விடுவது என்று கடைசிவரை ஓடிக்கொண்டே இருந்தார். பஸ் ஸ்டாப்பில் மார்பளவுச் சிலை வைக்க வேண்டும் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். பெரியவர்கள் அன்னதானம் போதும் என்கிறார்கள். கொஞ்சம் பணமும் சேர்ந்திருக்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
(வாசகர், கீரனூர்)

பதில்: சிலைப் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். பொதுச் சாலையிலும் நடைபாதையிலும் சிலை வைக்க அனுமதி கொடுக்கக் கூடாது என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் மாநில அரசுகளுக்கு உத்தரவு போட்டுவிட்டது. பஸ் ஸ்டாப் என்றால் பெரும்பாலும் சாலைப் புறம்போக்காகத்தான் இருக்கும். நீங்கள் ராத்திரியோடு ராத்திரியாக வைத்துவிட்டால் காலையில் தாசில்தார் வருவார், போலீஸ் வரும், சிலையைத் துணி போட்டு மூடுவார்கள். ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்த அம்மாவுக்குச் சிலையைத் திறக்கச் சொல்லி மனு எழுத ஆள் தேட வேண்டியிருக்கும். சொந்தப் பட்டா நிலத்தில் வைக்கலாமே என்பீர்கள். வைக்கலாம்தான், ஆனால் நம் ஊர் மார்பளவுச் சிலைகளைப் பார்த்திருக்கிறீர்கள் இல்லையா, கீழே பெயர்ப்பலகை இல்லாவிட்டால் பெற்ற பிள்ளைக்கே அடையாளம் தெரியாது.

அன்னதானத்தைத் தாராளமாகச் செய்யுங்கள், அதில் ஒருவருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அது ஒரு வேளைச் சாப்பாட்டோடு முடிந்துவிடும் காரியம்.

நான் சொல்வது வேறு. எதைச் செய்வதற்கு முன்னாலும், அந்த அம்மா என்ன செய்தார் என்பதை எழுதி வையுங்கள். 'தியாகச் சுடர்', 'தன்னலமற்ற தாய்' என்பதெல்லாம் வேண்டாம், அந்த வார்த்தைகளை யாருக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம். இரவு வகுப்பு எங்கே நடந்தது, சாவடியிலா, கோயில் வாசலிலா, யார் வீட்டுத் திண்ணையிலா? விளக்குக்கு மண்ணெண்ணெய் யார் வீட்டிலிருந்து வந்தது? களையெடுத்துவிட்டு வந்து, சோறாக்கிவிட்டு, எத்தனை மணிக்குப் பெண்கள் உட்கார்ந்தார்கள்? எந்தப் புருஷன் வந்து சத்தம் போட்டான்? அவனை இந்த அம்மா எப்படிச் சமாளித்தார்? முதல் பென்ஷன் மனு யாருக்காக எழுதினார், தாலுகா ஆபீசுக்குப் போய்வரப் பஸ் காசு யார் கொடுத்தார்கள்? இப்படிக் கேட்டு எழுதுங்கள். தொண்டு என்றதும் நாம் மனசைப் பற்றித்தான் பேசுகிறோமே தவிர வேலையைப் பற்றிப் பேசுவதில்லை. அது வேலை. அதற்கு நேரம் உண்டு, செலவு உண்டு, திறமை உண்டு, செய்து செய்து கண்டுபிடித்த சூட்சுமங்களும் உண்டு.

இதை நான் இவ்வளவு வற்புறுத்த ஒரு காரணம் இருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் 1991-இல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினரும் ஆசிரியர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் சேர்ந்து வேலை செய்தார்கள். 1992-இல் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. இதெல்லாம் ஆவணத்தில் இருக்கிறது. கலெக்டர் பெயர் கோப்பில் இருக்கும், எத்தனை பேர் படித்தார்கள் என்ற எண்ணிக்கையும் இருக்கும். ஒவ்வொரு ஊரிலும் விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்து 'அ' போடச் சொல்லிக் கொடுத்த ஆயிரக்கணக்கானவர்களின் கதை எங்கே இருக்கிறது? அவர்கள் சம்பளம் வாங்கவில்லை. அதனால் சம்பளப் பட்டியல் கிடையாது, பணிப் பதிவேடு கிடையாது, ஓய்வூதிய ஆணை கிடையாது. ஒரு மனுஷர் வேலை பார்த்தார் என்பதற்கு அரசாங்கம் வைத்திருக்கும் எந்தக் காகிதத்திலும் அவர்கள் வர மாட்டார்கள். ஊர்க்காரர்கள் வாய்க்குள்தான் இருக்கிறார்கள், அந்த ஊர்க்காரர்களுக்கும் இப்போது வயது எழுபது எண்பது.

அதனால் அவரிடம் படித்தவர்களை முதலில் பிடியுங்கள். அதுவரை கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த பெண்கள் பேங்கில் முதல் தடவை கையெழுத்துப் போட்ட கதை ஆளுக்கொன்று வைத்திருப்பார்கள். கல்குவாரியில் ஜல்லி உடைத்த பெண்கள், வயல் வேலைக்குப் போனவர்கள் எல்லோரும் அந்த வகுப்புகளில் இருந்தார்கள். சைக்கிள் கதையைக் கட்டாயம் கேளுங்கள். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அறிவொளியில் ஒரு அலை கிளம்பி, புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். கடைகளில் லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு வந்து, ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பதால் அதுதான் வசதி என்று சொன்னவர்களும் உண்டு. கேலி செய்தவர்களுக்குக் குறைவிருந்திருக்காது, அதையும் எழுதுங்கள். உங்கள் அறிவொளி அக்கா சைக்கிள் ஓட்டினாரா? விழுந்தாரா? யார் பிடித்துக்கொண்டு ஓடினார்கள்? சிலை செய்கிறவருக்கு இது ஒன்றுமே தேவைப்படாது, உங்கள் பேத்திக்குத் தேவைப்படும்.

எப்படிப் பதிவு செய்வது என்று தலையைச் சொறிய வேண்டாம். ஊரில் காலேஜ் போகும் பெண்கள் இரண்டு பேரிடம் பொறுப்பை விடுங்கள், செல்போனில் குரலைப் பதிவு செய்தாலே போதும். மைக்கை நீட்டினால் கிழவிகள் மேடைப் பேச்சு பேச ஆரம்பித்துவிடுவார்கள். பூ கட்டும்போதோ, வெங்காயம் உரிக்கும்போதோ பக்கத்தில் உட்கார்ந்து கேட்கச் சொல்லுங்கள். "அவங்ககூட எப்பவாவது சண்டை போட்டிருக்கீங்களா ஆத்தா?" என்று கேட்டால் வரும் பதில், "அவங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால் வராது.

இன்னொன்று. இந்த மாதிரி ஆட்கள் வீட்டில் நோட்டு வைத்திருப்பார்கள். யாருக்கு எந்தத் தேதியில் மனு கொடுத்தது, எந்த ஆபீசில் யாரைப் பார்ப்பது, யாருடைய ரேஷன் கார்டு நம்பர் என்ன என்று கிறுக்கி வைத்த பழைய டைரிகள். அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போடாமல் காப்பாற்றுங்கள். ஆனால் அதில் அடுத்தவர் ஆதார் எண், பேங்க் கணக்கு எல்லாம் இருக்கக்கூடும், பாசத்தில் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட்டுவிடாதீர்கள். எல்லாம் சேர்ந்ததும் சின்னதாக ஒரு புத்தகம் போடுங்கள். பள்ளிக்கூட நூலகத்துக்கு ஒன்று, புதுக்கோட்டை ஞானாலயா ஆய்வு நூலகத்துக்கு ஒன்று, சென்னை ரோஜா முத்தையா நூலகத்துக்கு ஒன்று கட்டாயம் அனுப்புங்கள். அட்டையில் ஊர் பெயரும் வருஷமும் இருக்கட்டும். நினைவு மலர் போடுகிற முக்கால்வாசிப் பேர் வருஷத்தைப் போட மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: கல்லூரியில் என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) போனால் எங்களுக்குச் சான்றிதழ் தருகிறார்கள், அது வேலைக்குப் போகும்போது உதவும். அந்தக் காலத்துப் பெண்கள் ஒன்றுமே கிடைக்காமல் எதற்காக இப்படி உழைத்தார்கள்? உண்மையாகவே புரியவில்லை.
(மாணவி, சென்னை)

பதில்: ஒன்றுமே கிடைக்கவில்லை என்று யார் சொன்னது? வீட்டை விட்டு வெளியே போகக் காரணம் கிடைத்தது. கிண்டலாகச் சொல்லவில்லை. 1991-இல் ஒரு கிராமத்துப் பெண் ராத்திரி எட்டு மணிக்கு வெளியே போய் நாலு பெண்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு வர முடியும் என்றால் அது சின்ன விஷயமா? நாலு பேர் 'டீச்சர்' என்று கூப்பிடுவது, கூட்டத்தில் எழுந்து பேசுவது, கலெக்டர் எதிரே நாற்காலியில் உட்காருவது, இதெல்லாம் அவர்களுக்குச் சம்பளத்தைவிடப் பெரிதாக இருந்திருக்கலாம். உங்களுக்கு இவை ஏற்கெனவே கிடைத்துவிட்டன, அதனால் சான்றிதழ் தேவைப்படுகிறது. அதில் தப்பில்லை. நாட்டு நலப்பணித் திட்டமே காந்தி நூற்றாண்டான 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியதுதான், அவர்களில் எத்தனை பேர் வருகைப்பதிவுக்காக வந்தார்களோ, யார் கண்டது. வந்த பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் கணக்கு.

நல்ல மனசு இருந்தால் போதும், பயிற்சி எதற்கு என்று நினைப்பவர்களுக்காக ஒரு தகவலும் சொல்கிறேன். ஊட்டியில் பிறந்த பார்சிப் பெண் மேரி கிளப்வாலா. இளம் வயதிலேயே கணவரை இழந்து, சென்னையில் கில்ட் ஆஃப் சர்வீஸ் என்ற தொண்டு அமைப்பின் மூலம் தொண்டுக்கு வந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சென்னை வழியாகப் போய்வந்த சிப்பாய்களை வரவேற்கவும் காயம்பட்டவர்களைக் கவனிக்கவும் பெண்களைத் திரட்டி ஒரு பெரும் படையையே நடத்தினார். அவ்வளவு ஆர்வலர்களைக் கட்டி மேய்த்தவர், 1952-இல் சென்னை சமூகப்பணிக் கல்லூரி தொடங்கக் காரணமானார். தென்னிந்தியாவில் சமூகப்பணியைப் பாடமாகவே சொல்லிக்கொடுத்த முதல் இடம் அதுதான். ஆர்வம் மட்டும் போதும் என்றால் அவர் அந்தக் கல்லூரிக்காக மெனக்கெட்டிருக்க வேண்டியதே இல்லையே.

கேள்வி: என் அம்மா இறந்து ஒரு வருடம் ஆகிறது. எங்கள் பகுதியில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு ஓடுவார். ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் நான் பக்கத்து வீட்டில்தான் கிடந்தேன். என் பத்தாவது பரீட்சை எந்த மாதம் என்றுகூட அவருக்குத் தெரியாது. நினைவு நாளில் எல்லோரும் வந்து "உங்கம்மா தெய்வம்" என்று சொல்லும்போது அழுகை வருவதற்குப் பதில் எரிச்சல்தான் வருகிறது. இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. நான் கெட்டவளா?
(பெயர் வேண்டாம், மதுரை)

பதில்: இல்லைம்மா. ஊருக்கு நல்லவராக இருந்தவர் வீட்டுக்கும் அதே அளவு இருந்திருப்பார் என்று ஒரு நியதியும் கிடையாது. ஒரு நாளில் இருபத்துநாலு மணி நேரம்தான், ஊருக்குக் கொடுத்ததை எங்கிருந்தோ எடுத்துத்தானே கொடுக்க வேண்டும்? பெரும்பாலும் வீட்டிலிருந்துதான் எடுக்கிறார்கள். மூத்த பெண்ணாக இருந்தால் இன்னும் மோசம், அம்மா வெளியே போனதும் அடுப்பு அவள் கைக்கு வந்துவிடும். உங்கள் அம்மா செய்த தொண்டில் ஒரு பங்கு உங்களுடையது, உங்களைக் கேட்காமல் எடுத்துக்கொண்டது. அந்தக் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது.

ஆனால் இதையும் யோசித்துப் பாருங்கள். இப்படி ஊருக்கு உழைத்த ஒரு ஆணைப் பற்றி "பிள்ளையின் பரீட்சை மாதம் தெரியாது" என்று யாராவது குறை சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? தலைவர்கள் வரலாற்றில் அது பெருமையாகவே எழுதப்பட்டிருக்கும். 'வீட்டை மறந்து நாட்டுக்கு உழைத்தார்' என்று. வீட்டை மறக்க அவர்களால் முடிந்தது, வீட்டில் ஒருத்தி மறக்காமல் இருந்ததால். உங்கள் அம்மாவுக்குப் பின்னால் அப்படி ஒருத்தி இல்லை, நீங்களும் பக்கத்து வீட்டு அம்மாவும்தான் இருந்தீர்கள். உங்கள் அப்பா அப்போது எங்கே இருந்தார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை, கவனித்தீர்களா? கோபத்தில் கொஞ்சம் அந்தப் பக்கமும் போகலாம்.

அடுத்த நினைவு நாளில் யாராவது உங்களைப் பேசக் கூப்பிட்டால் போங்கள். 'தெய்வம்' என்று ஆமோதிக்க வேண்டாம், திட்டவும் வேண்டாம். எனக்குக் காய்ச்சல் வந்தபோது என்னைப் பார்த்துக்கொண்டது இவர்தான் என்று அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவின் பெயரைச் சொல்லுங்கள். அவர் இருந்தால் மேடைக்குக் கூப்பிடுங்கள். உங்கள் அம்மா வெளியே ஓட முடிந்ததற்கு அவரும் ஒரு காரணம், அவருக்கு இதுவரை ஒருவரும் மாலை போட்டிருக்க மாட்டார்கள்.

கேள்வி: கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் எத்தனை பேர் படம் போடலாம்?
(வாசகர், விருதுநகர்)

பதில்: இறந்தவர் படம் தெரிகிற அளவுக்கு.

கேள்வி: நான் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறேன். ஏதாவது சேவை செய்யலாம் என்று ஆசை. "இந்த வயசுல எதுக்கு, பேரப் பிள்ளையைப் பாரு" என்கிறார் மகன். அறுபதுக்கு மேல் புதிதாக ஆரம்பித்து ஏதாவது செய்துவிட முடியுமா?
(அரசு ஊழியை, திருச்சி)

பதில்: சகோதரி சுப்பலட்சுமியின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1886-இல் பிறந்தவர், பதினோரு வயதுவாக்கில் விதவையானவர், அந்த நிலையிலும் படித்து 1911-இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தவர். அடுத்த வருஷமே எழும்பூரில் தன் வீட்டில் நான்கு பிராமண விதவைச் சிறுமிகளை வைத்துக்கொண்டு படிக்க வைக்க ஆரம்பித்தார். அதுதான் வளர்ந்து திருவல்லிக்கேணிக்குப் போய், அப்புறம் கடற்கரை ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்குப் போனது. இப்போது விவேகானந்தர் இல்லமாக இருக்கிறதே, அதே கட்டடம். ஊரில் விசேஷத்துக்கு எதிரே வரக்கூடாது என்று ஒதுக்கிய பெண்கள் அங்கிருந்து டீச்சராக, டாக்டராக வெளியே வந்தார்கள்.

இதெல்லாம் எல்லோரும் சொல்லும் கதை. உங்களுக்காக நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவர் நிற்கவில்லை. மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலையம் என்று வயது வந்த பெண்களுக்கான பள்ளி. 1954-இல் தாம்பரம் பக்கத்தில் மாடம்பாக்கம் கிராமத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு சமூக நல மையம் அமையக் காரணமாக இருந்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள், வயது 68. இப்போது அடுக்குமாடி வீடுகள் நிறைந்த மாடம்பாக்கம் அன்றைக்கு முழுக் கிராமம். அதற்கும் பிறகு, 1956-இல் மயிலாப்பூர் பெண்கள் சங்கம் வித்யா மந்திர் பள்ளியைத் தொடங்கியதிலும் அவர் பங்கு உண்டு. 1969-இல் காலமானார்.

நீங்கள் மாடம்பாக்கம் அளவுக்குப் போக வேண்டாம். அரசு ஊழியை என்று போட்டிருக்கிறீர்கள், உங்கள் கையில் இருக்கும் சொத்து என்னவென்று உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். எந்த விண்ணப்பத்துக்கு எந்த இணைப்பு வேண்டும், எந்தக் கோப்பு எங்கே போய் உட்காரும், "நாளைக்கு வா" என்று சொன்னால் யாரைப் பார்க்க வேண்டும், இதையெல்லாம் முப்பது வருஷம் உள்ளே இருந்து பார்த்தவர் நீங்கள். அந்தப் பக்கம் இருந்தவர் இந்தப் பக்கம் வந்து ஒரு கிழவியின் விதவை பென்ஷன் விண்ணப்பத்தைச் சரியாக நிரப்பிக் கொடுத்தால், அதைவிட உருப்படியான சேவை வேறு இல்லை. ஆரம்பிக்கும்போது வாரத்தில் ஒரு நாள், இன்ன நேரம் என்று கறாராக வைத்துக்கொள்ளுங்கள். மிச்ச நாளில் பேரப் பிள்ளையைப் பாருங்கள், மகனும் சமாதானமாகிவிடுவார். அல்லது மகனையே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், அவர் பிள்ளைதானே.

கேள்வி: எங்கள் பாட்டி பெயரில் ஒரு அறக்கட்டளை தொடங்கலாம் என்று குடும்பத்தில் பேச்சு. அவர் ரொம்ப வருடம் எங்கள் ஊர் அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்கு மாலையில் இலவசமாகப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். என்ன நடைமுறை?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: டிரஸ்ட் பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும், டிரஸ்ட் பெயரில் பான் கார்டு எடுக்க வேண்டும், பேங்க் கணக்கு தொடங்க வேண்டும், வருஷா வருஷம் கணக்கு எழுத வேண்டும். நன்கொடை கொடுப்பவர்களுக்கு வரிச்சலுகை வேண்டுமென்றால் வருமான வரித்துறையில் தனிப் பதிவு. ஒரு நல்ல ஆடிட்டரைப் பார்த்தால் முடித்துக் கொடுப்பார். அது பிரச்சினையே இல்லை. பத்து வருஷம் கழித்து அந்தக் கணக்கை யார் எழுதுவார் என்பதுதான் பிரச்சினை. சித்தப்பா துபாயில், அத்தை பெங்களூரில், நீங்கள் தஞ்சாவூரில். வருஷம் ஒருமுறை கூடிக் கையெழுத்துப் போட முடியுமா? முடியாதென்றால் டிரஸ்ட் வேண்டாம்.

பள்ளியில் பாட்டி பெயரில் பரிசு வைக்கலாம் என்பீர்கள். வையுங்கள், ஆனால் ஒரு தொகையை டெபாசிட் போட்டுவிட்டு வட்டியில் பரிசு என்று விட்டுவிட்டால் அது தேய்ந்துகொண்டே போகும். முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்னால் பெரிய மனசோடு வைத்த பரிசுகள் பல இடங்களில் இன்றைக்கு ஒரு பேனா வாங்கக் காணாது. அதோடு, முதல் மார்க் வாங்கும் பிள்ளைக்கே எல்லாப் பரிசும் போகும். உங்கள் பாட்டி மாலையில் கூப்பிட்டு உட்கார வைத்தது முதல் மார்க் பிள்ளையை இல்லையே, கூட்டல் கழித்தல் வராத பிள்ளையைத்தானே? ஊரில் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண் யாராவது இருந்தால், அந்த மாலை வகுப்பைத் தொடர்ந்து நடத்த மாதாமாதம் ஒரு தொகை கொடுங்கள். பாட்டி இலவசமாகச் செய்தார், அவர் விருப்பம். அடுத்தவரும் இலவசமாகத்தான் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நம் பேராசை.

கேள்வி: மறைந்த ஒரு பெண்மணிக்கு வைத்த நினைவுச் சின்னங்களில் உங்களுக்குப் பிடித்தது எது?
(வாசகி, சேலம்)

பதில்: ஆரம்ப சுகாதார நிலைய வாசலில் கர்ப்பிணிகள் கையில் வைத்திருக்கும் ஒரு விண்ணப்பம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் என்று அதில் இருக்கும். ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாய் அளவுக்கு உதவி. முதல் கேள்வி கேட்டவரின் புதுக்கோட்டைதான் முத்துலட்சுமிக்கும் சொந்த ஊர். பெண் என்பதால் மகாராஜா கல்லூரியில் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்பு கிளம்பி, ராஜா தலையிட்டு இடம் கொடுத்த பிறகே படிக்க முடிந்தது. டாக்டரானார், சென்னை மாகாணச் சட்டசபைக்குப் போனார், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். 1930-இல் அடைக்கலம் தேடி வந்த பெண்களுக்காக அவ்வை இல்லம் தொடங்கினார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்ததைப் பல வருஷம் மனசில் வைத்திருந்து, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார், 12 படுக்கைகளோடு. அப்போது அவருக்கும் வயது 68-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. திருச்சி அரசு ஊழியை இதையும் மகனிடம் காட்டலாம்.

அவருக்குச் சிலையும் உண்டு. ஆனால் பிள்ளை உண்டாகியிருக்கும் ஒரு பெண், "முத்துலட்சுமி பணம் வந்திருச்சா?" என்று பக்கத்தில் நிற்பவளைக் கேட்கிறாளே, அதற்கு எந்தச் சிலை ஈடு? தவணை தாமதமானால் அவர் பெயரைச் சொல்லியே திட்டவும் திட்டுவார்கள், அது வேறு விஷயம்.

கேள்வி: எல்லோரும் இறந்தவர்களைப் பற்றியே கேட்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு அம்மா உயிரோடு இருக்கிறார். வயது எழுபத்தெட்டு. வாரத்தில் பல நாள் அரசு மருத்துவமனைக்குப் போய், துணைக்கு ஆளில்லாத நோயாளிகளுக்குச் சீட்டு எடுத்துக் கொடுப்பது, மருந்து வாங்கிக் கொடுப்பது, ஸ்கேன் எடுக்கும் இடத்தைக் காட்டுவது என்று உதவி செய்கிறார். மகளிர் தினத்தன்று அவரைப் பாராட்டி விழா எடுக்கலாமா?
(குடியிருப்போர் சங்கம், கோயம்புத்தூர்)

பதில்: எடுங்கள், ஆனால் விழாவுக்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போய் "உங்களுக்கு என்ன வேணும்மா?" என்று கேளுங்கள். முதலில் "ஒண்ணும் வேண்டாம்" என்பார். விடாமல் கேட்டால் மெல்ல வரும். முட்டி வலி இருக்கும், பஸ் படி ஏற முடியாமல் இருக்கும், ஆட்டோவுக்குக் கைக்காசு செலவழித்துக்கொண்டிருப்பார். உங்கள் சங்கத்தில் கார் வைத்திருப்பவர்கள் முறை போட்டுக்கொண்டு காலையில் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டால் போதும். இரண்டு பேர் அவரோடு கூடவே போய் வேலையைப் பழகிக்கொள்ளுங்கள். எந்தக் கவுன்டர் எத்தனை மணிக்கு மூடும், எந்த வார்டு சிஸ்டரிடம் எப்படிப் பேச வேண்டும், காப்பீட்டு அட்டை இல்லாதவரை முதலில் எங்கே அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது, எங்கும் எழுதி ஒட்டியிருக்காது. அவருக்கு ஒரு வாரம் உடம்பு முடியாமல் போனால் அங்கே யார் போவார்கள் என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நான் எவ்வளவு சொன்னாலும் பொன்னாடை போர்த்தாமல் நீங்கள் விடப்போவதில்லை, தெரியும். பளபளப்பது வேண்டாம், நல்ல காட்டன் சேலையாக வாங்கிக் கொடுங்கள், மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கட்டிக்கொண்டு போவார். விழாவை மட்டும் காலையில் வைக்காதீர்கள், ஓ.பி. நேரம்.